ரீமேப் செய்த வண்டியில் கிளட்ச் தொல்லை: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

அரியாங்குப்பம் பக்கம் இருக்கும் எங்கள் ஷெட்டுக்குப் பிஒய்-01 வண்டியும் வரும், டிஎன்-31 வண்டியும் வரும். ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிப் பவரைக் கூட்டிய) டீசல் ஹேட்ச்பேக், பெரிய டர்போ மாட்டிய செடான், எஞ்சின் மாற்றிய பழைய ஜென் என்று எது வந்து நின்றாலும், இறங்குகிறவர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, புது கிளட்ச் போட்டு மூணு மாசம்தான் ஆவுது. மறுபடியும் அதே கதை."

மூன்று மாதத்தில் ஒரு கிளட்ச் தானாகச் சாகாது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றியிருந்தால்தான் சாகும். அதனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் வெளியிலிருந்தே என்னென்ன பார்க்கலாம் என்று அறிகுறிவாரியாக எழுதுகிறேன். காசே ஆகாத காரணம் முதலில் வரும், பர்ஸைக் காலி செய்வது கடைசியில் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வண்டியில் கிளட்ச்சை இழுப்பது கேபிளா, ஆயிலா? மாருதி 800, ஜென், ஆல்டோ எல்லாம் கேபிள். போலோ ஆயில், அதுவும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே கிளட்சுக்கும் போகும். அடுத்து, எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கிற சக்கரமான ஃப்ளைவீல் ஒற்றையா, இல்லை உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை வகையான டூயல் மாஸா? மூன்றாவது, ரீமேப்புக்குப் பிறகு டார்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, எவ்வளவு? அப்புறம், வண்டிக்கு அடியில் போகிற வேலை எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான்.

அறிகுறி 1: முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

ஓவர்டேக் செய்ய மிதிக்கிறீர்கள். ஆர்பிஎம் முள் 2000-த்திலிருந்து 3000-த்துக்குத் தாவுகிறது, வேகம் மட்டும் 60-லேயே நிற்கிறது. இதுதான் ஸ்லிப். ரீமேப் வண்டியில் இது முதலில் தலைகாட்டுவது 4ஆம், 5ஆம் கியரில், டர்போ முழுசாக ஊத ஆரம்பிக்கும் இடத்தில். முதல் கியரில் நன்றாகத்தானே இழுக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

உறுதி செய்வது எப்படி

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 4ஆம் கியரில் 40 அல்லது 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் ஒன்றாக ஏறினால் ஸ்லிப் இல்லை. புதுச்சேரி தட்டையான ஊர், அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தைத்தான் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கடலூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்குக் கேப்பர் மலை இருக்கிறது. விடியற்காலையில் போங்கள், இரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஸ்லிப்பும் பிளேட்டைக் கொஞ்சம் எரித்துவிட்டுத்தான் போகிறது.

ஹேண்ட்பிரேக் போட்டு, 3ஆம் கியரில் கிளட்ச்சை விட்டு எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் நம்புகிறார்கள். முழுக்கச் செத்த கிளட்ச்சைத்தான் அது காட்டிக்கொடுக்கும். ரீமேப் டார்க்கில் மட்டும் வழுக்குகிற கிளட்ச் அதில் சுலபமாகப் பாஸ் ஆகிவிடும்.

பெடலில் பிளே இருக்கிறதா

கையால் பெடலை மெதுவாக அழுத்துங்கள். கனம் தொடங்கும் முன் கொஞ்சம் சும்மா நகர வேண்டும். கேபிள் வண்டிகளில் இது அநேகமாக 10 முதல் 20 மில்லிமீட்டர். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேவே இல்லை என்றால் கிளட்ச்சை யாரோ எப்போதும் லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போலத்தான். கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலை. ஆயில் கிளட்சிலும் இது நடக்கும். "கிளட்ச் சீக்கிரமே பிடிக்கணும்" என்று பெடலுக்குப் பின்னால் இருக்கும் ராடை யாராவது நீட்டி வைத்திருந்தால், உள்ளே அழுத்தம் முழுசாக இறங்காமல் தங்கிவிடும்.

காலைப் பெடல்மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் புதுசா

புது பிளேட் உட்கார 500 முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்ட வேண்டும். முழு ஆக்சிலேட்டர் கூடாது, சிக்னலில் சீறிக் கிளம்பக் கூடாது. போட்ட அன்றைக்கே ஈசிஆரில் போட்டுப் பார்த்தவர்களின் பிளேட் கண்ணாடி மாதிரிப் பளபளத்துவிடும். அப்படி ஆன பிளேட் பெரும்பாலும் திரும்பி வராது.

எண்ணெய் இறங்குகிறதா

இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே வெள்ளை அட்டை ஒன்றைப் போடுங்கள். காலையில் சொட்டு இருந்தால் அதைத் தொட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கரைந்து போனால் பிரேக் ஆயில். மேலே மிதந்தால் எஞ்சின் ஆயில் அல்லது கியர் ஆயில். கியர் ஆயிலில் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஒரு டீசல் ஹேட்ச்பேக் எங்களிடம் வந்தபோது ஏற்கெனவே வேறு இடங்களில் மூன்று கிளட்ச் செட் மாற்றியிருந்தார்கள். கடைசியாகப் போட்டது ரேஸ் பிரஷர் பிளேட், அதாவது கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பாகத்தில் கனமான வகை. அப்படியும் வழுக்கியது. கியர்பாக்ஸை இறக்கினால் பிளேட் முழுக்க எண்ணெய். எஞ்சின் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் கிராங்க் பின்பக்கச் சீல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சீலின் விலை, மாற்றிய மூன்று செட்டில் ஒரு பிளேட்டின் விலைகூட வராது. எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி, தேய்த்து மறுபடி போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடானால் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி வெளியே வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்

கிளட்ச் உண்மையிலேயே தாங்கவில்லை என்று அர்த்தம். பழைய ஸ்விஃப்ட் 1.3 டீசல் கம்பெனியிலிருந்து வரும்போது 190 நியூட்டன் மீட்டர். போலோ ஜிடி டீசல் 250. ரீமேப்பில் இது எகிறிவிடும், ஆனால் கிளட்ச் பழைய கணக்குக்குச் செய்ததுதானே. எத்தனை எச்பி என்று பார்த்துக் கிளட்ச் வாங்காதீர்கள். வழுக்க வைப்பது டார்க்.

முதலில் ரீமேப் செய்தவரிடமே போங்கள். கீழ் ஆர்பிஎம்மில் டார்க் ஒரேயடியாக எகிறாமல் கொஞ்சம் தாமதமாக, சாய்வாக ஏறும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். வண்டியின் மொத்த வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, கிளட்ச் பிழைத்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். கொஞ்சம் மானம் போனது போல இருக்கும், அவ்வளவுதான்.

அது வேண்டாம், கிளட்ச்சே மாற்றலாம் என்றால்: சாதாரண ஆர்கானிக் பிளேட்டோடு, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட். தினம் ஓட்டுகிற வண்டிக்கு என் முதல் தேர்வு இதுதான். பெடல் கொஞ்சம் கனக்கும், ஆனால் மரப்பாலம் நெரிசலில் ஓட்ட முடியும். அடுத்தது கெவ்லர், நன்றாக உழைக்கும், ஆனால் ஓட்டிப் பழக்கும் காலம் நீளம், அதற்குள் சூடேற்றினால் கெட்டுவிடும். கடைசி, பட்டன் பட்டனாக இருக்கும் செராமிக். பிடித்தால் உடும்புப் பிடி. ஆனால் மெதுவாகப் பிடிக்கவே தெரியாது. ராஜீவ் காந்தி சதுக்கம் சிக்னலில் ஒவ்வொரு தடவையும் தவளை மாதிரித் தாவித்தான் கிளம்புவீர்கள். ஃப்ளைவீலையும் சீக்கிரம் தின்றுவிடும். ட்ராக்கில் ஓடும் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரீமேப் டார்க்கைவிட 15, 20 சதவீதம் கூடுதலாகத் தாங்குவதாகப் பாருங்கள். 200 சதவீதம் தாங்குவது எதற்கு? மிச்சத்தை உங்கள் இடது முட்டி தாங்க வேண்டியிருக்கும்.

ஷெட்டுக்குப் போக வேண்டிய கட்டம்: பிளே சரி, வெளியில் சொட்டு இல்லை, இருந்தும் ஸ்லிப் அடிக்கிறது என்றால். சொட்டு இருந்தால் ஸ்லிப் தொடங்கும்வரை காத்திருக்கவே வேண்டாம். கருகல் வாடையும் சேர்ந்து வந்தால் ஓட்டிக்கொண்டு வராதீர்கள், டோ செய்யுங்கள். பிளேட் செலவோடு முடிய வேண்டியது ஃப்ளைவீல் செலவில் போய் நிற்கும்.

அறிகுறி 2: கியர் விழ மாட்டேன் என்கிறது, ரிவர்ஸில் கரகரப்பு

எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள்.

ஆஃபிலும் முரண்டு பிடித்தால்: பிரச்சினை கிளட்சில் இல்லை. கியர் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் அல்லது ராடைப் பாருங்கள். ஷார்ட் ஷிஃப்டர் (லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் கிட்) மாட்டியிருந்தால் சந்தேகம் அதன்மேல்தான்.

ஆஃபில் வெண்ணெய் மாதிரி விழுந்து, ஆனில் மட்டும் அடம் பிடித்தால்: கிளட்ச் முழுசாகக் கட் ஆகவில்லை. சமதரையில், முன்னால் போதிய இடம் விட்டு நிறுத்தி, பெடலை முழுசாக மிதித்து முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுங்கள். வண்டி மெல்ல நகர்ந்தால் சந்தேகமே இல்லை.

முதலில் மேட்டைத் தூக்குங்கள்

சிரிக்காதீர்கள். கதவு முதல் கதவு வரை மெத்தை போலப் போடுகிறார்களே, 7டி மேட், அது பெடலுக்குக் கீழே விரல் தடிமனில் நிற்கிறது. பெடல் கடைசி வரை இறங்காது, கிளட்ச் கட் ஆகாது. கூடுதல் அழுத்தமுள்ள பிரஷர் பிளேட்டில் அந்தக் கடைசி இறக்கம்தான் முக்கியம். கன்னியக்கோவிலிலிருந்து ஒருவர் புது கியர்பாக்ஸுக்கு விலை விசாரித்துக்கொண்டு வந்தார். நான் கத்தியால் மேட்டில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து ஆயில்

டப்பாவில் மட்டம் பாருங்கள். பிரேக்கும் கிளட்ச்சும் ஒரே டப்பாவைப் பகிரும் வண்டிகளில் கிளட்சுக்குப் போகும் குழாய் சற்று மேலே இருக்கும். மட்டம் இறங்கினால் முதலில் மூச்சு வாங்குவது கிளட்ச்தான். பிரேக் கடைசி வரை நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கே போனது என்று தேட வேண்டும். பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும்.

ஆயில் கறுத்திருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணையே வாங்குங்கள். சிலிகான் வகையான டாட் 5-ஐ டாட் 4-ஓடு கலக்கக் கூடாது.

பெடலை வேகவேகமாகப் பத்து தடவை மிதித்தால் கியர் விழுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழவில்லை என்றால், உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். டியூபில் குமிழி நிற்கும் வரை இதே வேலை. நடுவில் டப்பா காலியானால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆயில் பெயிண்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சூடானால் மட்டும் வருகிறதா

காலையில் கியர் நன்றாக விழுகிறது, அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு விழவில்லை என்றால் பானட்டைத் திறந்து கிளட்ச் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாட்டும்போது கம்பெனி கொடுத்த வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். குழாய் அதன் பக்கத்திலேயே போனால் ஈரம் குடித்த ஆயில் கொதித்துக் குமிழி விடும். தகட்டைத் திரும்ப மாட்டுங்கள், டவுன்பைப்புக்கு வெப்பத் துணி சுற்றுங்கள், புது ஆயில் ஊற்றுங்கள். கனமான பிரஷர் பிளேட்டோடு பழைய ரப்பர் குழாய் இருந்தால், பெடலை மிதிக்கும்போது அது உப்புகிறதா என்றும் பாருங்கள். உப்பினால் ஸ்டீல் பின்னல் குழாய்க்கு மாறலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு எஞ்சினைச் சரி செய்து ஸ்டார்ட் செய்தவர்களில் சிலருக்குக் கிளட்ச் கட் ஆகவே இல்லை. பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடலோரம் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் இது வரும்.

எஞ்சினைச் சூடாக்கி ஆஃப் செய்துவிட்டு, பெரிய காலி மைதானத்தில் முதல் கியரில் பெடலை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்துக் கிளம்பும், தயாராக இருங்கள். பெடலை விடாமல், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துச் சட்டென்று எடுங்கள். அந்த உலுக்கலில் விட்டுவிட வாய்ப்புண்டு. இரண்டு, மூன்று தடவைக்கு மேல் முயலாதீர்கள். விட்டாலும், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கின் கிரீஸ் தண்ணீரோடு போயிருக்கலாம், காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மாற்றிய அன்றே தொடங்கியதா

அப்படியானால் பொருத்தியதில்தான் தப்பு. பிளேட் திருப்பிப் போட்டிருக்கலாம். எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை திருப்பிப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கியர்பாக்ஸை மறுபடி இறக்கியிருக்கிறேன். இன்னொன்று, ஏற்றும்போது கியர்பாக்ஸின் கனத்தைப் பிளேட்டின் நடுவில் தொங்கவிட்டுப் பிளேட்டை வளைத்துவிடுவது. மூன்றாவது, மாடிஃபைட் வண்டிகளுக்கே உரியது: பிரஷர் பிளேட் ஒரு செட்டிலிருந்து, ரிலீஸ் பேரிங் இன்னொன்றிலிருந்து. பிரஷர் பிளேட் விரல்களின் உயரம் மாறினால் பேரிங் எவ்வளவு தள்ளினாலும் போதாது. முழு செட்டாக வாங்குங்கள், கலக்காதீர்கள். இந்த மூன்றுக்கும் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும். மாட்டியவரிடமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள், அவர் லேபர் கேட்கக் கூடாது.

அறிகுறி 3: பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது, அல்லது கல்லாகிவிட்டது

கீழே போய்த் திரும்பவில்லை என்றால் கேபிள் வண்டியில் கேபிள் அறுந்திருக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள். ரிசர்வாக ஒன்று டிக்கியில் கிடக்கட்டும். ஆயில் வண்டியில் பெடலுக்கு மேலே, கார்பெட்டுக்குள் கையை விட்டுத் தடவுங்கள். ஈரமாக இருந்தால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. அங்கே காய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் வெளியில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது, ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் வகை வண்டி என்றால், கியர்பாக்ஸ் இறங்குவதைத் தவிர வழியில்லை. பிரேக்கும் அதே டப்பா என்றால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

பெடல் நாளுக்கு நாள் கனத்தால் கேபிள் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். பேட்டரியை இடம் மாற்றும்போதும், ஏர் ஃபில்டர் மாற்றும்போதும் கேபிளை ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். கேபிள் சரி என்றால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் அச்சு காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் பிளேட் தேய்ந்து முடிந்திருக்கும். தேயத் தேயப் பெடல் கனப்பது இயல்பு. ரேஸ் பிரஷர் பிளேட் போட்ட அன்றே கனத்தால் அது நோய் இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. ஆனால் பெடல் மாட்டியிருக்கும் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்து மாதம் ஒரு தடவை பாருங்கள். கம்பெனி பெடல் அந்தக் கனத்துக்குச் செய்ததில்லை.

அறிகுறி 4: கிளம்பும்போது உதறுகிறது

காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் உதறி அப்புறம் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில், கடலோர வீடுகளில், ஃப்ளைவீல்மேல் லேசாகத் துருப் படியும். ஓட்டினால் துடைத்துக்கொள்ளும்.

எப்போதும் உதறினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்ட்டில் தொடங்குங்கள். பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்ச்சை லேசாகப் பிடிக்கும் இடம் வரை விட்டுப் பார்க்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. பாலியூரித்தேன் மவுண்ட் போட்டவர்களுக்கு எஞ்சின் துள்ளாது, ஆனால் சின்ன உதறல்கூட சீட் வரை வரும். அதைக் கிளட்ச் உதறல் என்று எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. ஐடிலிங்கிலேயே எஞ்சின் தடுமாறுகிறது என்றால் முதலில் இன்ஜெக்டரைப் பாருங்கள், பிளக் வண்டி என்றால் பிளக்கை.

மவுண்ட் சரி என்றால் மிச்சமிருப்பது எல்லாம் உள்ளே: பிளேட்டில் எண்ணெய் அல்லது ஸ்ப்ளைனில் (பிளேட் ஏறி உட்காரும் கியர்பாக்ஸ் தண்டின் பல்வரிசை) அப்பிய கிரீஸ் தெறித்தது, ஃப்ளைவீலில் நீலம் பூத்த சூட்டுத் திட்டுகள், சாய்ந்த பிரஷர் பிளேட். செராமிக் பட்டன் பிளேட் என்றால் உதறல் அதன் பிறவிக் குணம், ஷெட்டுக்கு வந்து பயனில்லை.

ஒற்றை ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்யலாம். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு வேறு மட்டத்தில் இருக்கும் ஃப்ளைவீல் என்றால் இரண்டு மட்டத்தையும் ஒரே அளவு சீவ வேண்டும். நடுவை மட்டும் சீவினால் பிடி குறைந்து ஸ்லிப் அடிக்கும். லேத்காரரிடம் இதை வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். டூயல் மாஸை லேத்துக்கு அனுப்பாதீர்கள். உள்ளே ஸ்பிரிங்கும் கிரீஸும் இருக்கிறது.

அறிகுறி 5: சத்தம்

எஞ்சின் ஓடட்டும், நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள். இப்போது காலை வைத்துக் கேளுங்கள்.

மிதித்ததும் வருகிறது: ரிலீஸ் பேரிங். லேசாகத் தொட்டாலே கீச்சிடும். இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் பச்சை விழும் வரை கியரைப் போட்டுக்கொண்டு மிதித்தபடியே நிற்பவர்களின் பேரிங் சீக்கிரம் போகும். கனமான பிரஷர் பிளேட் இருந்தால் இன்னும் சீக்கிரம். நியூட்ரலுக்கு வந்து காலை எடுங்கள். கீச்சுச் சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டலாம், உறுமலாக மாறினால் நிறுத்திவிடுங்கள்.

காலை எடுத்தால் வருகிறது, மிதித்தால் போகிறது: இரண்டில் ஒன்று. ஆர்பிஎம்மை 1200 அளவுக்கு ஏற்றுங்கள். உண்டியலில் சில்லறை குலுங்குவது போன்ற சத்தம் குறைந்துவிட்டால் அது வெறும் கியர் சலசலப்பு. டூயல் மாஸைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ளைவீலோ எடை குறைந்த ஃப்ளைவீலோ போட்டால் வரத்தான் செய்யும், ஆபத்தில்லை. ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஊளை உயர்ந்தால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். அது கிளட்ச் வேலை அல்ல, கியர்பாக்ஸ் வேலை. தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

எஞ்சினை ஆஃப் செய்யும்போது தடதடவென்று உலுக்குகிறது: டூயல் மாஸ் ஃப்ளைவீல் தளர்ந்திருக்கலாம். ரீமேப் டார்க்கில் அதன் ஸ்பிரிங்குகள் எல்லை வரை போய் இடித்துக்கொண்டே இருந்திருக்கும். கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு கையால் இரு பக்கமும் திருப்பி, ஆட்டம் கம்பெனி அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் என்பதால் இதை நம்பிக்கையின் பேரில் மாற்றாதீர்கள், ஆட்டத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். விலைக்குப் பயந்து ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறுகிறவர்கள், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டையே போட வேண்டும்.

கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது என்றால்

இறக்கி ஏற்றும் லேபர்தான் பெரிய செலவு. அதனால் அந்தச் சந்தர்ப்பத்தில் ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்கச் சீல், கியர்பாக்ஸ் இன்புட் சீல், பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) இருக்கும் வண்டி என்றால் அதுவும், உள்ளே ஸ்லேவ் இருந்தால் அதுவும் மாற்றச் சொல்லுங்கள். ஸ்ப்ளைனில் கிரீஸ் பூசியும் பூசாதது போல இருக்க வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்ச்சில் இறுக்க வேண்டும். போல்ட் இறுக்கும் கன் வைத்து ஒரே மூச்சில் இறுக்கினால் பிளேட் சாய்ந்துவிடும். பக்கத்தில் நின்று பார்க்க விடாத ஷெட் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்து ரிவெட் வரை வந்திருந்தால் ஆயுள் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து முகம் சரியில்லை. தடிமன் இருக்கிறது, ஆனால் கருகிப் பளபளக்கிறது என்றால் பிடி போதவில்லை, அல்லது ஓட்டும் கால் சரியில்லை. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புக் கோடுகள் ஓடியிருந்தால் எண்ணெய். நடு ஸ்பிரிங்குகள் கையால் ஆடினால் டார்க்கில் அடி வாங்கியிருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளட்ச்சும் சீக்கிரம் போனால், எந்த ஷெட்டுக்குப் போனாலும் முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.